கிளை பிரியும் துப்பறியும் விஷுவல் நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பறியும் விஷுவல் நாவல்களைப் புதிதாகத் தொடங்குபவர்களும், ஒன்றிரண்டைப் பாதியில் விட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தேர்வுகள் எப்படி இயங்குகின்றன என்பதைத் தயங்காமல் சொல்லியிருக்கிறேன். கொலையாளி யார், கடைசித் திருப்பம் என்ன என்பவற்றை எங்கும் சொல்லவில்லை. அச்சமின்றிப் படிக்கலாம்.

இதைப் படிப்பதா, ஆடுவதா?

இரண்டும்தான், ஆனால் நேரத்தில் பெரும்பகுதி படிப்பதிலேயே கழியும். பின்னணிப் படம், அதன்மேல் பேசுகிறவரின் உருவம், கீழே வரிவரியாக உரை, கூடவே இசை. ஓரிடத்தில் உரை நின்று, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கும். அந்தப் பதிலைப் பொறுத்துக் கதை வேறு கிளைக்குத் திரும்பும். விரல் வேகமோ குறிபார்க்கும் திறமையோ பெரும்பாலும் தேவையில்லை. கவனமும் நினைவாற்றலும் பொறுமையும் வேண்டும்.

இந்த மரபு ஜப்பானில் வளர்ந்தது. 1983இல் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'போர்டோபியா தொடர் கொலை வழக்கு' ஆட்டத்தை யூஜி ஹோரி உருவாக்கினார். கோபே நகரத்தில் நடக்கும் ஒரு கொலை விசாரணை அது. என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். 1985இல் அதே ஆட்டம் நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவியான ஃபாமிகாமுக்கு வந்தபோது கட்டளைகள் பட்டியலாக மாறின. நாவல்போலத் திரை நிறைய உரையை ஓடவிட்டு நடுவில் தேர்வு வைக்கும் வடிவத்தை சுன்சாஃப்ட் நிறுவனம் 1992இல் 'ஓதோகிரிசோ' மூலம் தொடங்கியது. 1994இல் 'கமாய்தாச்சி நோ யோரு' அந்த வடிவத்தில் ஒரு முழுமையான கொலை மர்மத்தை எழுதிக் காட்டியது. துப்பறியும் நாவலாசிரியர் தாகேமாரு அபிகோ எழுதிய கதை. இன்றைய ஆட்டங்களில் பாதிக்கு அதுதான் முன்னோடி.

கிளைக்குக் கிளை குற்றவாளி மாறிவிடுவாரா? அப்படியானால் துப்பறிவதில் என்ன பொருள்?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நல்ல ஆட்டத்தில் மாறமாட்டார்.

காரணம் எளிது. நீங்கள் இன்று வலப்பக்கக் கதவைத் திறந்தீர்களா, இடப்பக்கக் கதவைத் திறந்தீர்களா என்பதைப் பொறுத்து, நேற்றிரவு கத்தியைப் பிடித்த கை மாறக் கூடாது. மாறினால், ஒரு கிளையில் கிடைத்த தடயத்துக்கு அடுத்த கிளையில் மதிப்பில்லாமல் போய்விடும். ஒவ்வொரு கிளையும் தனித்தனிக் கதையாகிவிடும். அவற்றைச் சேர்த்துப் பார்க்க உங்களுக்கு எந்தத் தேவையும் இருக்காது. ஆகவே, தேர்வுக்கு முன்னால் நடந்தவை எல்லாக் கிளைகளுக்கும் பொது. தேர்வுக்குப் பின்னால் நடப்பவை மட்டுமே மாறலாம். உங்கள் தேர்வு உண்மையை மாற்றுவதில்லை. உண்மையின் எந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியும், யார் உயிர் பிழைப்பார், யார் வாய் திறப்பார் என்பவற்றையே மாற்றுகிறது.

விதிவிலக்குகள் உண்டு. 'கமாய்தாச்சி'யில் மூல வழக்கை முடித்த பிறகு, அதே பனிமலை விடுதியில் அதே விருந்தினர்களை வைத்து உளவாளிக் கதை போன்ற வேறு கதைகள் திறக்கின்றன. அங்கே எல்லாமே மாறும். ஆனால் மூல வழக்கை அது தொடுவதில்லை, தான் வேறு கதை என்பதை மறைப்பதும் இல்லை. அதனால் எனக்கு அதில் குறை தெரியவில்லை. 'ஜீரோ எஸ்கேப்' என்ற மூன்று ஆட்டங்களின் வரிசையிலோ ஒரே கேள்விக்கு இரண்டு கிளைகளில் இரண்டு விடைகள் கிடைப்பதுபோல் தோன்றும். அங்கே அந்த முரண்பாடே புதிர். அதை ஆசிரியரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மோசமான முடிவு வந்துவிட்டது. நான் தோற்றுவிட்டேனா?

இல்லை. இந்த வகையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல எனக்கு அனுமதி கிடைத்தால் இதைத்தான் சொல்வேன்: மோசமான முடிவு ஒரு தடயம். மற்ற ஆட்டங்களில் 'ஆட்டம் முடிந்தது' என்ற திரை நேரவிரயத்தைக் குறிக்கும். இங்கே அந்த முடிவுக்கு முந்தைய சில நிமிடங்கள்தான் பெரும்பாலும் வழக்கின் கனமான சாட்சியம். யார் முதலில் இறந்தார்? அந்த நேரத்தில் யாரைக் காணவில்லை? கடைசியாகப் பூட்டிய கதவின் சாவி யாரிடம் இருந்தது? உண்மை முடிவுக்கு, அதாவது மர்மம் முழுதாக அவிழும் முடிவுக்கு, நேராகப் போகிறவருக்கு இவை ஒன்றும் தெரியாது.

'கமாய்தாச்சி' இதை மிக நேர்மையாகச் செய்கிறது. முதல் கொலைக்குப் பிறகே போதுமான தடயங்கள் கைக்கு வந்துவிடுகின்றன. நீங்கள் கண்டுபிடிக்கவில்லை என்றால் கதை நின்றுவிடாது. மேலும் ஒருவர் இறப்பார், பிறகு இன்னொருவர். ஒவ்வொரு சாவும் சந்தேகப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டே வருகிறது. தாமதத்துக்கான விலையும் அதற்கான உதவியும் ஒன்றாகவே வருகின்றன. இவ்வளவு கொடூரமும் கருணையும் கலந்த அமைப்பை அதற்குப் பின் நான் அதிகம் பார்க்கவில்லை.

கெம்கோ நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'ரேஜிங் லூப்' இதை வெளிப்படையான விதியாகவே ஆக்கிவிட்டது. ஒதுக்குப்புறக் கிராமம் ஒன்றில், யார் ஓநாய் என்று கண்டுபிடித்துத் தூக்கிலிடும் சடங்கு நடக்கிறது. நாயகன் இறப்பான். இறக்கும்போது சில முடிவுகள் ஒரு சாவியைத் தரும். அந்தச் சாவி, முன்பு பூட்டிக் கிடந்த ஒரு தேர்வைத் திறக்கும். அதாவது, சாகாமல் இந்தக் கதையை முடிக்கவே முடியாது.

இரண்டு வரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர, வேறு எப்படியெல்லாம் தேர்வுகள் வருகின்றன?

இங்கேதான் இந்த வகை செழிப்பாக இருக்கிறது. 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற தேர்வுக்கு ஒரு குறை உண்டு: விடை கண்முன்னே எழுதியிருக்கும். எதுவும் புரியாதவருக்கும் பாதி வாய்ப்பு இருக்கிறது. துப்பறியும் கதைக்கு இது பொருந்தாது. எனவே பலர் பல வழிகளில் அதை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மிகத் துணிச்சலானது 'கமாய்தாச்சி'யின் வழி. முக்கியமான கட்டத்தில் பட்டியல் எதுவும் வராது. குற்றவாளியின் பெயரை நீங்களே எழுத்து எழுத்தாக உள்ளிட வேண்டும். அதுவரை மனத்தில் தெளிவில்லாமல் வைத்திருந்த சந்தேகம் அந்த வெற்றுப் பெட்டியின் முன் நிற்காது. நான் இந்த எல்லா முறைகளிலும் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

2008இல் வந்த 'கேயாஸ்;ஹெட்' ஆட்டத்தில் நாயகன் மனப்பிரமைகளுக்கு ஆளாகிறவன். நீங்கள் அவனுடைய செயலைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவன் இப்போது இனிமையான பிரமையில் விழ வேண்டுமா, கொடுமையான பிரமையிலா, அல்லது பிரமையே வேண்டாமா என்பதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். சொல்பவனையே நம்ப முடியாத கதைக்கு இதைவிடப் பொருத்தமான பொறி கிடையாது.

2012இல் வந்த 'ரூட் டபுள்' இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. விபத்துக்குள்ளான ஆய்வுக்கூடம் ஒன்றில் மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தேர்வு நேரத்தில் வாக்கியங்களே வராது. ஒன்பது முனைகள் கொண்ட ஒரு வரைபடம் வரும், ஒவ்வொரு முனையும் ஒரு மனிதர். யாரை எவ்வளவு நம்புகிறீர்கள், உங்கள் மீதே உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதை ஏற்றி இறக்க வேண்டும். எண்ணம் அருமை. ஆனால் இரண்டு பேர் மீதான நம்பிக்கையை உயர்த்தினால் கதையில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டி ஊகிப்பது சில இடங்களில் கடினம். ஊகிக்க முடியாத தேர்வு துப்பறிதலுக்கு உதவாது என்பது என் கருத்து.

2019இல் வெளியான 'ஏஐ: த சோம்னியம் ஃபைல்ஸ்' ஆட்டத்தில் துப்பறிவாளர் சந்தேக நபரின் கனவுக்குள் நுழைகிறார். மொத்தம் ஆறு நிமிடம்தான். நீங்கள் நகர்ந்தால்தான் நேரம் ஓடும், அசையாமல் நின்றால் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஒரு பொருளைத் தொடுவதற்கும் திறப்பதற்கும் இத்தனை விநாடி என்று விலை இருக்கிறது. சில செயல்கள், அடுத்த செயலின் விலையைக் குறைக்கும் சீட்டுகளைத் தரும். கனவில் எந்தப் பொருளை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதே கதை எந்தக் கிளைக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. தேர்வு என்று எங்கும் எழுதியிருக்காது.

1996இல் வந்த 'யூ-நோ' ஆட்டம் கிளை வரைபடத்தையே கதைக்குள் கொண்டுவந்தது. நாயகனின் கையில் இருக்கும் கருவியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மணிக்கற்கள் உண்டு. ஓரிடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டால் பிறகு அந்தக் கணத்துக்கே திரும்பலாம். ஆனால் கற்கள் தீர்ந்துவிட்டால் திரும்ப வழியில்லை. எந்தக் கணத்தைக் காப்பாற்றி வைப்பது என்பதே தேர்வாகிவிடுகிறது. இது வயதுவந்தோருக்கான ஆட்டம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

'ஸ்டைன்ஸ்;கேட்' (2009) கைப்பேசியைத் தேர்வுக் கருவியாக்கியது. வரும் மின்னஞ்சலில் எந்தச் சொல்லைப் பிடித்துப் பதில் அனுப்புகிறீர்கள், அழைப்பை எடுக்கிறீர்களா என்பவை கணக்கில் வரும். உரையாடல் மிக இயல்பாக இருக்கிறது. ஆனால் உண்மை முடிவுக்குச் சில குறிப்பிட்ட மின்னஞ்சல்களுக்குக் குறிப்பிட்ட விதத்தில் பதில் அனுப்பியிருக்க வேண்டும், அவற்றின் முக்கியத்துவம் அந்த நேரத்தில் தெரியாது. கதை எனக்கு மிகவும் பிடித்தது. இந்த நிபந்தனை பிடிக்கவில்லை. படித்துப் புரிந்துகொண்டவருக்கும் புரியாதவருக்கும் அங்கே ஒரே வாய்ப்புதான் இருக்கிறது.

'428' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

'428: ஷிபுயா ஸ்கிராம்பிள்' 2008இல் நின்டெண்டோவின் வீ கருவிக்கு வந்தது. ஜப்பானின் ஃபாமித்சு இதழ் அதற்கு 40க்கு 40 கொடுத்தது. ஆங்கிலத்தில் 2018இல்தான் கிடைத்தது.

டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரே நாளில் நடக்கும் கதை. ஆள்கடத்தல் வழக்கு ஒன்றில் தொடங்குகிறது. ஐந்து பேரின் கதைகள் ஒவ்வொரு மணி நேரமாக இணையாக ஓடுகின்றன: ஒரு துப்பறியும் காவலர், தெருக்கும்பல் ஒன்றின் முன்னாள் தலைவனான ஓர் இளைஞன், ஒரு பத்திரிகையாளர், ஒரு வைரஸ் ஆய்வாளர், பூனை வேடத்தின் உடைக்குள் மாட்டிக்கொண்ட ஒருவர். ஒருவருடைய தேர்வு அவரைப் பாதிக்காமல், அவரை ஒருபோதும் சந்தித்திராத இன்னொருவரைக் கொல்லும். உதாரணத்துக்கு நானே ஒன்று சொல்கிறேன்: பத்திரிகையாளர் வாடகைக் காரைப் பிடித்தால், அந்தக் காரில் ஏறியிருக்க வேண்டிய காவலர் நடந்து போவார், தாமதமாகச் சேருவார், வழக்கு கைநழுவிவிடும். இறந்தவரின் கதையைத் திரும்பத் திரும்ப ஆடிப் பயனில்லை. பிழை வேறொருவர் கதையில், முன்பே கடந்துவிட்ட ஒரு சாதாரண வரியில் இருக்கிறது.

இதோடு இன்னொரு பூட்டும் உண்டு. ஒருவர் கதை திடீரென்று 'நுழையாதே' என்ற அறிவிப்போடு நிற்கும். மற்றொருவர் கதையின் உரையில் நிறம் மாறி நிற்கும் ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தாவி வந்தால்தான் கதை தொடரும். ஐந்து பேரையும் அந்த ஒரு மணி நேரத்தின் முடிவுக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த பிறகே அடுத்த மணி திறக்கும்.

மோசமான முடிவுகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. பலவற்றில் நல்ல நகைச்சுவை உண்டு. ஓவியங்களுக்குப் பதில் நிஜ நடிகர்களின் புகைப்படங்கள் என்பதால் முதலில் அந்நியமாகத் தோன்றலாம். இரண்டு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

'கூட்டு' அல்லது 'துரோகம்' என்று வாக்களிக்கும் ஆட்டம் எது? அதில் எதைத் தேர்ந்தெடுப்பது சரி?

'விர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்ட்' (2012). கோதாரோ உச்சிகோஷி இயக்கிய 'ஜீரோ எஸ்கேப்' வரிசையில் இரண்டாவது. அடைபட்ட ஒன்பது பேரின் கையிலும் வளையம் இருக்கும், அதில் ஆளுக்கு மூன்று புள்ளிகள். ஒன்பது புள்ளி சேர்ந்தவர் வெளிக்கதவைத் திறக்கலாம். ஆனால் அந்தக் கதவு ஒரே ஒருமுறைதான் திறக்கும். புள்ளி தீர்ந்தால் மரணம். ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பும் தனித்தனி அறையிலிருந்து வாக்களிக்க வேண்டும். இரு தரப்பும் கூட்டு என்றால் ஆளுக்கு 2 கூடும். ஒரு தரப்பு கூட்டு, மறு தரப்பு துரோகம் என்றால் துரோகிக்கு 3 கூடும், நம்பியவருக்கு 2 குறையும். இரு தரப்பும் துரோகம் செய்தால் மாற்றமில்லை. விளையாட்டுக் கோட்பாட்டில் கைதிகளின் குழப்பநிலை என்று சொல்லப்படும் கணக்குதான் இது. ஒரு சுற்றோடு முடியாமல் திரும்பத் திரும்ப நடப்பதால் பழிவாங்கலும் மன்னிப்பும் உள்ளே வந்துவிடுகின்றன.

எது சரி என்ற கேள்விக்கு இரண்டையும் என்பதே பதில். இரண்டையும் பார்த்தாக வேண்டும். ஒரு கிளையில் உங்களைக் காட்டிக்கொடுத்தவர் அதை ஏன் செய்தார் என்பது, நீங்கள் அவரைக் காட்டிக்கொடுத்த கிளையில்தான் புரியும். சில கிளைகள் நடுவில் பூட்டிக்கொள்ளும். அங்கே கேட்கப்படும் கடவுச்சொல் வேறொரு கிளையின் கடைசியில் கிடைக்கும். இதை நாயகன் எப்படி நினைவில் வைத்திருக்கிறான் என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால், நீங்கள் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்.

தேர்வே இல்லாத துப்பறியும் விஷுவல் நாவல்களும் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. ரியூகிஷி07 எழுதிய 'ஹிகுராஷி' (2002 முதல் 2006 வரை) எட்டு அத்தியாயங்கள். முதல் நான்கு கேள்விகள், அடுத்த நான்கு விடைகள். 1983 ஜூன் மாதம் ஒரு மலைக்கிராமத்தில் நடப்பவை அத்தியாயத்துக்கு அத்தியாயம் வேறு வேறாக முடியும். கிளைகளை ஆசிரியரே வரிசைப்படுத்தித் தந்துவிடுகிறார். நம்முடைய வேலை ஒப்பிடுவது.

அவருடைய அடுத்த படைப்பான 'உமினெகோ' (2007 முதல் 2010 வரை) இதைவிட ஆழமானது. 1986 அக்டோபரில் ஒரு தீவில் பதினெட்டுப் பேர். கொலைகளைச் செய்தது சூனியக்காரி என்று ஒரு தரப்பும், மனிதர் என்று மறு தரப்பும் வாதாடுகின்றன. இரண்டாவது அத்தியாயத்திலிருந்து ஒரு புதிய விதி வருகிறது: சிவப்பு எழுத்தில் சொல்லப்படுவது எதுவும் உண்மை, அதற்கு ஆதாரம் கேட்க முடியாது. கேட்டவுடன் இது புதிரை எளிதாக்கிவிடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. 'அறைக் கதவு உள்ளேயிருந்து பூட்டப்பட்டிருந்தது' என்று சிவப்பில் வந்தால், ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பார்க்கத் தொடங்குவீர்கள். ஜன்னலைப் பற்றி ஏன் சொல்லவில்லை? பூட்டியது எப்போது? பொத்தான் எதையும் அழுத்தாமலேயே மற்ற ஆட்டங்களைவிட அதிகமாக உழைக்க வைக்கும். கடைசி அத்தியாயத்தில் ஒரு தேர்வு வருகிறது. அதைப் பற்றி வேறொன்றும் சொல்ல மாட்டேன்.

கிளைகள் இல்லாத இன்னொரு புகழ்பெற்ற தொடர் 'ஏஸ் அட்டர்னி' (2001). சாட்சி பொய் சொல்லும் வரியைப் பிடித்து, அதற்கு எதிரான ஆதாரத்தை நீட்ட வேண்டும். கதை ஒரே கோடுதான், ஆனாலும் புரிந்துகொண்டதை நிரூபித்தால்தான் நகரும்.

ஃப்ளோசார்ட் (ஆட்டமே தரும் கிளை வரைபடம்) எல்லாவற்றையும் காட்டிவிடுகிறதே, மர்மம் குறையாதா?

சிறிது குறையும். எங்கே கிளை பிரிகிறது, இன்னும் எத்தனை முடிவுகள் பாக்கி என்பது தெரிந்துவிடும். ஆனால் கிடைப்பது அதிகம். 2009இல் நின்டெண்டோ டிஎஸ் கருவியில் வந்த 'நைன் ஹவர்ஸ், நைன் பெர்சன்ஸ், நைன் டோர்ஸ்' (சுருக்கமாக 999) ஆட்டத்தில் ஃப்ளோசார்ட் இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும், தீர்த்த புதிர்களையே திரும்பத் தீர்க்க வேண்டும். 2017இல் 'த நானரி கேம்ஸ்' தொகுப்பில் ஃப்ளோசார்ட் சேர்ந்தபோது அந்தச் சலிப்பு போய்விட்டது.

2016இல் வந்த 'ஜீரோ டைம் டிலெமா' நடுவழி ஒன்றைக் கண்டது. பாத்திரங்களின் நினைவு தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை அழிக்கப்படுகிறது. எனவே கதையும் துண்டு துண்டாக, முன்பின் தெரியாமல் தரப்படுகிறது. ஒரு துண்டை முடித்த பிறகே அது வரைபடத்தில் எங்கே உட்காரும் என்று தெரியும். அவர்கள் அறியாதது உங்களுக்கும் தெரியாது. கதையும் கருவியும் இப்படி ஒத்துப்போகும்போது ஃப்ளோசார்ட் மர்மத்தின் பகுதியாகிவிடுகிறது.

முதல் முறையே வாக்த்ரூ (எங்கே எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லும் வழிகாட்டி) பார்த்து ஆடலாமா?

வேண்டாம். சரியான வரிசையை மட்டும் பின்பற்றினால், மேலே சொன்ன சாட்சியங்கள் எல்லாம் விட்டுப்போகும், கடைசி விளக்கம் காற்றில் தொங்கும். முதல் முடிவு வரை உங்கள் விருப்பப்படி போங்கள். அதன் பிறகு ஒரே இடத்தில் வெகுநேரம் மாட்டிக்கொண்டால், அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் பாருங்கள். 'ஸ்டைன்ஸ்;கேட்' உண்மை முடிவுக்குப் பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. 'உமினெகோ'வைப் பற்றி இணையத்தில் எதையும் தேடாதீர்கள்.

குறிப்பு எடுக்க வேண்டுமா?

எடுத்தால் நல்லது. யார் எப்போது எங்கே இருந்தார், யார் அப்படிச் சொன்னார், நீங்கள் நேரில் பார்த்தீர்களா அல்லது ஒருவர் சொல்லக் கேட்டீர்களா என்பதைப் பிரித்து எழுதுங்கள். இந்தக் கடைசிப் பிரிப்புதான் முக்கியம். இந்த வகை ஆசிரியர்கள் பெரும்பாலும் ஏமாற்றுவது அங்கேதான்.

999 போன்றவற்றில் கணக்கும் வரும். ஒன்பது பேருக்கும் 1 முதல் 9 வரை எண் கொண்ட வளையங்கள். மூன்று முதல் ஐந்து பேர் மட்டுமே ஒரு கதவுக்குள் நுழையலாம். அவர்களின் எண்களைக் கூட்டி, ஒற்றை இலக்கம் வரும்வரை இலக்கங்களை மறுபடி கூட்டினால் கதவின் எண் வர வேண்டும். 2, 4, 8 சேர்ந்தால் 14, அதிலிருந்து 5. ஐந்தாம் கதவு திறக்கும். யார் யாரோடு போக முடியும், யார் கட்டாயம் வெளியே நிற்க நேரும் என்பதைத் தாளில் போட்டுப் பார்த்தால், சிலர் ஏன் அவ்வளவு பதறுகிறார்கள் என்பது முன்னாலேயே புரியும்.

சேவ், ஸ்கிப்?

ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் தனி இடத்தில் சேமியுங்கள், பழையதன்மேல் எழுதாதீர்கள். உரையை வேகமாக ஓட்டித் தாண்டும் ஸ்கிப் வசதியை 'படித்ததை மட்டும்' என்ற அமைப்பில் வையுங்கள். வேறு கிளையில் அதே காட்சி ஒரே ஒரு வரி மாறி வரும், ஸ்கிப் அங்கே தானாக நிற்கும். அந்த வரி ஏன் மாறியது என்பது பலமுறை விலைமதிப்புள்ள குறிப்பு.

எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லா முடிவுகளையும் பார்க்க 999க்கு இருபது மணி நேரத்துக்குள், '428', 'விர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்ட்' ஆகியவற்றுக்கு முப்பதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'உமினெகோ' நூறைத் தாண்டும். வாசிப்பு வேகத்தைப் பொறுத்து இவை கணிசமாக மாறும்.

வன்முறை அதிகமா? சிறுவர்கள் ஆடலாமா?

பெரும்பாலானவை சிறுவர்களுக்கு உரியவை அல்ல. 'கேயாஸ்;ஹெட்', 'ஹிகுராஷி' இரண்டிலும் சித்திரவதைக் காட்சிகள் உண்டு. படம் மென்மையாக வரையப்பட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வயது மதிப்பீட்டைப் பார்த்து வாங்குங்கள். இளையவர்களுக்கு 'ஏஸ் அட்டர்னி' பொருத்தமாக இருக்கும், கொலை வழக்குகள்தான் என்றாலும் சொல்முறை இலகுவானது.

நானே ஒன்றை எழுத ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?

மென்பொருள் சிக்கல் இல்லை. விஷுவல் நாவல் உருவாக்கும் மென்பொருளான ரென்பை 2004 முதல் இருக்கிறது, இலவசம், பைத்தான் மொழியில் அமைந்தது. நிரல் அறிவு குறைவாக இருந்தாலும் உரையாடலும் தேர்வும் எழுதிவிடலாம். தமிழில் எழுத விரும்புகிறவர்கள் 8.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பும் கால்களும் சரியான இடத்தில் விழுவதற்கான எழுத்துவடிவ வசதி அதிலிருந்துதான் வந்தது.

கடினம் கதையில்தான். முதலில் உண்மையில் நடந்ததை, வாசகர் ஒருபோதும் பார்க்காத ஒரு பக்கமாக, மணி நேரப்படி எழுதி முடியுங்கள். பிறகு ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கிளையில் மட்டுமே தெரியக்கூடிய உண்மை எது? பதில் இல்லையென்றால் அந்தக் கிளையை வெட்டிவிடுங்கள், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும். புதிதாக எழுதுகிறவர்கள் கிளைகளின் எண்ணிக்கையில் பெருமைப்படுகிறார்கள். மூன்று கிளைகள் ஒன்றையொன்று பொய்யாக்கிக்கொண்டு நின்றால் அதுவே போதும்.

தேர்வு முறையைக் கதையிலிருந்து எடுங்கள். உங்கள் சாட்சி பொய் சொல்கிறவர் என்றால், எந்த வரியை நம்புவது என்பதே தேர்வாக இருக்கட்டும். மறதிக்காரர் என்றால், எதை நினைவில் வைப்பது என்பது. வாசகரின் ஊகம் சரியா என்று சோதிக்கும் ஓரிடமாவது, விடை திரையில் இல்லாத ஓரிடமாவது வையுங்கள். முழுப் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்ல முடியாவிட்டாலும், பெயர், இடம், காரணம் மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் குருட்டாம்போக்கில் தப்புவது கடினம்.

முதலில் எதை ஆடுவது?

பொதுவாக 999. அளவு சிறியது, புதிர்களும் கதையும் சமமாக இருக்கின்றன, மோசமான முடிவுகள் எவ்வளவு முக்கியம் என்பதை நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது. ஒரு குறிப்பிட்ட முடிவை முன்பே பார்த்திருந்தால்தான் உண்மை முடிவு திறக்கும். 'த நானரி கேம்ஸ்' தொகுப்பில் ஆடுங்கள். டிஎஸ் கருவி கையில் இருப்பவர்கள் மட்டும் மூலப் பதிப்பை எடுக்கலாம், அந்த இரட்டைத் திரையை அது பயன்படுத்திய விதம் வேறெங்கும் முழுமையாக வராது.

புதிர்களே பிடிக்காது, படிக்க மட்டும் வேண்டும் என்றால் 'ரேஜிங் லூப்'. அதை முடித்த பிறகு, மற்றவர்கள் மனத்தில் என்ன நினைத்தார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டும் முறை ஒன்று திறக்கும். முதல் முறை உங்களிடம் பொய் சொன்னவர்களை அதில் மறுபடி சந்தியுங்கள். புதிய ஆட்டங்களில் ஸ்கொயர் எனிக்ஸின் 'பேராநார்மாசைட்: த செவன் மிஸ்டரீஸ் ஆஃப் ஹோஞ்ஜோ' (2023) சிறியது, கெட்டிக்காரத்தனமானது. அதில் எங்காவது வழியே இல்லை என்று தோன்றினால், கதைக்கு வெளியே இருப்பதாக நினைத்து நீங்கள் தொடாமல் விட்டவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

'ஜீரோ எஸ்கேப்' வரிசையை இடையில் தொடங்கலாமா?

கூடாது. 999, பிறகு 'விர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்ட்', பிறகு 'ஜீரோ டைம் டிலெமா'. இரண்டாவது ஆட்டம் முதலாவதின் மைய உண்மையை வெளிப்படையாகப் பேசுகிறது, மூன்றாவது இரண்டையும் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறது. 'ஏஐ: த சோம்னியம் ஃபைல்ஸ்' அதே இயக்குநரின் படைப்பு என்றாலும் தனிக்கதை, எப்போது வேண்டுமானாலும் ஆடலாம்.